கோபுரமா, மணியா?

மதியம் பன்னிரண்டே காலுக்கு ஜெபகனி அந்த ஹோட்டல் மானேஜரின் அறையில் நின்றபடி, மேஜைமேல் ஒரு சாஸரில் கிடந்த கார்க்கை முறைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் அளவே இருந்த அந்தத் தக்கை, ஒரு மனிதனை நாளைக் காலை பம்பாய் விமானத்தில் ஏற்றிவிடப் பார்க்கிறது.

"ஐந்து மணிக்குப் போலீஸுக்குப் போன் செய்வேன்," என்றார் மானேஜர் கார்லைல். வெள்ளைக்காரர்; வியர்க்கக்கூட நேரம் குறித்துவைத்திருப்பவர் போலிருந்தார். "அதுவரைக்கும் அவன் ஸ்டோர் ரூமில் இருப்பான்."

அவன் என்றால் ஜான் பீட்டர். மணப்பாட்டுக்காரர். மூன்று வருஷமாக இந்த ஹோட்டலில் ஒயின் பாட்டில்களைப் பாதுகாப்பதும், விருந்துகளில் அவற்றைத் திறந்து ஊற்றுவதும் அவர் வேலை. காலையில் அவர் மனைவி தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரி டூட்டியிலிருந்து போன் செய்து அழுதாள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஜெபகனியோடு பழகியவர்கள். ஜான் பீட்டரை இந்த ஹோட்டலுக்குச் சிபாரிசு செய்ததே ஜெபகனிதான். அதனால் காலையிலிருந்து அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

பக்கத்து நாற்காலியில் உமாபதி மட்டும் காலை நீட்டி நிதானமாக உட்கார்ந்திருந்தார். சென்னை போலீஸில் பத்து வருஷம் இருந்துவிட்டு, இப்போது துபாயின் தேரா பகுதியில் கப்பல் சரக்குச் சேதங்களை ஆராய்கிற சர்வேயர். உடைந்த பெட்டி தானாக உடைந்ததா, உடைக்கப்பட்டதா என்று சொல்வது அவர் தொழில். அவருடைய ஆபீஸில் டைப்பிஸ்ட், டெலிபோன் ஆபரேட்டர், வாய் மூன்றும் ஜெபகனி.

"நேற்று நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்கள்," என்றார் உமாபதி.

கார்லைல் சொன்னார். ஒரு பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனி நேற்று இங்கே விருந்து வைத்தது. அதற்காகவே பிரான்ஸிலிருந்து பன்னிரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் நேராக வந்திருந்தது. ஷாத்தோ வெர்ன்யாக் என்ற பெரிய தோட்டத்துச் சரக்கு, அறுபத்தொன்றாம் வருஷத்தது. உலகத்திலேயே சில நூறு பாட்டில்கள்தான் மிச்சம் இருக்கலாம் என்று பேச்சு. ஜான் பீட்டர் முதல் பாட்டிலைத் திறந்து, வழக்கப்படி கார்க்கைச் சாஸரில் வைத்துத் தலைமை விருந்தாளியிடம் நீட்டினான். விருந்தாளி துபாஸ்க், அந்தத் தோட்டத்துக்கே வளைகுடா ஏஜெண்ட். அவர் கார்க்கை எடுத்து முகர்ந்தார். ஒரு வாய் பருகினார். முகம் மாறிவிட்டது.

"இது அறுபத்தொன்று இல்லை, லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்றார். கார்க்கைக் காட்டினார். எல்லோரும் பார்த்தோம். ஷாத்தோவின் கார்க்கில் கோபுரம் இருக்க வேண்டும். இதில் இருப்பது மணி."

ஜெபகனி குனிந்து பார்த்தாள். கார்க்கின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு சின்ன மணி அச்சாகியிருந்தது.

"மணி என்றால்?" என்றார் உமாபதி.

"அதே தோட்டத்தின் இரண்டாவது லேபிள். பழைய கொடிகளின் பழத்தில் நல்லதெல்லாம் பெரிய ஒயினுக்குப் போகும். இளங்கொடிகளின் பழமும், தரத்தில் தேறாததும் சேர்ந்து இந்த மணி மார்க். அதுவும் நல்ல ஒயின்தான். ஆனால் அது வேறு, இது வேறு."

ஜெபகனி உமாபதியிடம் தமிழில் சொன்னாள். "அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டு தம்பி கல்யாணத்துக்கு வந்துட்டான்னு சொல்லுதாரு."

"மிச்சம் பதினோரு பாட்டில்?" என்றார் உமாபதி.

"துபாஸ்க் நேற்றே பெட்டியைக் கட்டி அரக்கு வைத்துவிட்டார். இன்று நான்கு மணி விமானத்தில் தோட்டத்துக்கே பரிசோதனைக்குப் போகிறது. அவரும் கூடப் போகிறார்."

"ஒன்றைத் திறந்து பார்க்கவில்லையா?"

"திறந்தால் ஆதாரம் கெட்டுவிடும் என்றார். அவருக்குத் தெரியாததா?"

"முதல் பாட்டிலில் இருந்த மிச்சத்தை வேறு யார் குடித்தார்கள்?"

கார்லைல் சற்றே யோசித்தார். "யாரும் குடிக்கவில்லை. துபாஸ்க் அதை ஐஸ் வாளியில் ஊற்றிவிட்டார். கோபத்தில்."

"கோபத்துலகூட ஆள் ரொம்ப ஒழுங்கு," என்று முணுமுணுத்தாள் ஜெபகனி.

உமாபதி கார்க்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். அதன் தலையில் ஆழமாக, முறுக்கு முறுக்காக ஒரு துளை. அதை அவளிடம் நீட்டினார். பிறகு எழுந்து, "ஜான் பீட்டரைப் பார்க்கணும்," என்றார்.

ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டைமேல் ஜான் பீட்டர் உட்கார்ந்திருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்தார். சட்டைப் பட்டன் கழுத்துவரை போட்டிருந்தது. விசாரிக்கப்படுகிறவனின் மரியாதை அது. ஜெபகனிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, நேத்து கார்க்கை இழுத்தப்ப அதுல என்ன இருந்துச்சு?"

"கோபுரம், தங்கச்சி. என் ரெண்டு கண்ணால பாத்தேன். சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

"எதை வச்சுத் திறந்தீங்க?" என்றார் உமாபதி.

ஜான் பீட்டர் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்தார். ஒரு கைப்பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய தகடுகள், நண்டுக்கால் போல. "ஒரு கப்பல் ஸ்டூவர்ட் குடுத்தது சார். கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் இறக்கி, ஆட்டி ஆட்டி இழுக்கணும். எல்லாரும் கார்க்கைக் குடையுற திருகாணி எனக்கு ஆகாது." வலது கையை நீட்டினார். கட்டைவிரலின் மேல் பாதி இல்லை. "வலை இழுக்கையில கயிறு சுத்திப் போயிட்டுது. திருகுறதுக்குப் பிடிமானம் இல்ல."

ஜெபகனி கையிலிருந்த கார்க்கைப் பார்த்தாள். துளையைப் பார்த்தாள். அந்தத் தகடுகளைப் பார்த்தாள்.

"சார், இது ஓட்டையே போடாதே."

"போடாது," என்றார் உமாபதி. "இந்தக் கார்க்கை இழுத்தது இவர் இல்லை."

கார்லைலிடம் திரும்பிப் போய்ச் சொன்னார்கள். அவர் மசியவில்லை. நேற்று மட்டும் யாரிடமாவது திருகாணி இரவல் வாங்கி எப்படியோ திறந்திருக்கலாமே என்றார். ஏஜெண்டின் வார்த்தையா, ஸ்டோர்க்காரனின் வார்த்தையா என்று வந்தால் தனக்கு வேறு வழியில்லை என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். கார்க்கை மட்டும் உமாபதி ரசீது எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உமாபதியின் டாட்ஸன் காரில் ஏ.சி. கிடையாது, சீட்டில் உட்கார்ந்தபோது தோசைக்கல்லில் உட்கார்ந்தது மாதிரி இருந்தது.

"கார்க்கைத் தொட்டது ரெண்டு பேர்," என்றார் உமாபதி சாவியைத் திருகியபடி. "ஒருத்தர் ஜான் பீட்டர்."

"இன்னொருத்தர் முகர்ந்து பாத்தவரு. மூக்குகிட்ட கொண்டுபோனப்ப ஒண்ணு, சாஸர்ல வச்சப்ப ஒண்ணு." ஜெபகனி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். "அப்படின்னா அவரு வேற எங்கயோ ஒரு மணி மார்க் பாட்டிலைத் திறந்திருக்கணும். திருகாணி போட்டு. வீடு எங்க?"

"அஜ்மான் கடற்கரை. வாடகை குறைச்சல்னு அங்கே இருக்கார். தினமும் வந்து போறார்."

"நாலு மணி பிளேனுக்கு ஆளு இந்நேரம் கிளம்பியிருப்பாரு. வீடு காலியா இருக்கும்."

"அதுக்குத்தான் போறோம்."

ஷார்ஜா ரவுண்டானாவில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்று பதினைந்து நிமிஷம் தின்றது. ஜெபகனி கதவுக்கு வெளியே தலையை நீட்டி, டிரைவரிடம் "யல்லா பாய், ஜல்தி" என்று கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே டீ குடித்தான். அவள் கடிகாரத்தைப் பார்ப்பதும், சாலையைப் பார்ப்பதுமாக இருந்தாள். தங்கபுஷ்பத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற நினைப்பு, பேசாமல் இருக்கும்போதெல்லாம் மேலே ஏறி வந்தது. அதனால் பேசிக்கொண்டே வந்தாள்.

அஜ்மானில் துபாஸ்க்கின் வீட்டைக் கண்டுபிடித்தபோது ஒன்றே முக்கால். வெள்ளைச் சுவர், மணல் வாசல். கதவைத் திறந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண். பெயர் பிரபாவதி என்றாள். வவுனியாப் பக்கம். வீட்டு வேலைக்கு வந்து ஏழு மாதம்.

"துரை இல்லை. காலமையே போயிட்டார்."

"தெரியும் அக்கா. வெயில்ல வந்துட்டோம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள் ஜெபகனி.

தமிழ் கேட்ட சந்தோஷத்தில் பிரபாவதி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். உமாபதியின் கண்கள் அறையைச் சுற்றின. அலமாரி, கட்டிலடி, திறந்து கிடந்த பின்பக்க அறை. அவர் தேடுவது என்னவென்று ஜெபகனிக்குப் புரிந்தது: திருடிய பன்னிரண்டு அண்ணன் பாட்டில்கள். அப்படி எதுவும் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

பிரபாவதி குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கறுப்புப் பச்சை பாட்டிலை எடுத்தாள். வாயில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தது. அதை உருவிவிட்டுக் கிளாஸில் தண்ணீர் ஊற்றினாள்.

ஜெபகனி கிளாஸை வாங்கவில்லை. பாட்டிலின் லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலை ஈரத்தில் உரிந்திருந்தது. நடுவே அழகாக ஒரு மணி.

"இந்தப் பாட்டில் எப்ப வந்துச்சு அக்கா?"

"முந்தநாள் துரை திறந்து குடிச்சவர். போத்தலை எறியச் சொன்னவர், நான் எறியேல்ல. நல்ல தண்ணி லொறியிலதானே வருது, வைக்கப் போத்தல் வேணும்."

"இதுக்கு மூடி?"

"மூடி இல்லை. கேட்டனான். துரை அதைக் காகிதத்தில சுத்தித் தன்ர பொக்கற்றுக்குள்ள வச்சிட்டார். சாமான் பொறுக்கிற ஆள் மாதிரி." பிரபாவதி சிரித்தாள். "அதுதான் பேப்பர் செருகினனான்."

உமாபதி கைக்குட்டையில் வைத்திருந்த கார்க்கை எடுத்து பாட்டிலின் வாயில் வைத்தார். பாதிவரை இறங்கியது. காய்ந்து ஊதியிருந்த மறுபாதி வெளியே நின்றது.

"தம்பி வீடு திரும்பிட்டான்," என்றாள் ஜெபகனி. ஆனால் குரலில் விளையாட்டு இல்லை.

உமாபதி நெற்றியைத் தேய்த்தார். "கார்க்கை மாத்தினது அவர்தான். சரி. அப்ப ஒரிஜினல் ஒயின் எங்கே? எப்ப மாத்தினார்? பெட்டி ஹோட்டலுக்கு வந்து நாலு நாள் ஆச்சு. ஸ்டோர் சாவி ஜான் பீட்டர்கிட்ட. துபாஸ்க் உள்ளே போனதே இல்லை. இங்கேயும் பாட்டில் இல்லை. எங்கேயோ இடிக்குதே."

ஜெபகனி எழுந்து ஜன்னலருகே போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். நேற்றிரவு மேஜையில் நடந்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பருகினார். ஐஸ் வாளியில் ஊற்றினார். பாட்டிலைத் திறக்க விடவில்லை. அரக்கு வைத்தார்.

நின்றாள்.

"சார், அவரு சொன்னதைத் தவிர, அந்த ஒயின் போலின்னு நமக்கு வேற யாரு சொன்னது?"

உமாபதி அவளைப் பார்த்தார்.

"யாரும் மாத்தல சார். மாத்தினது ஒரே ஒரு கார்க். ஒயின் நேத்தும் அண்ணன்தான், இன்னைக்கும் அண்ணன்தான். தம்பின்னு பேரு வச்சு, எல்லாருக்கும் முன்னால, மானேஜர் சம்மதத்தோடயே அனுப்ப வச்சிருக்காரு. நாம திருட்டு எப்ப நடந்துச்சுன்னு தேடுதோம். திருட்டு இனிமேதான் நடக்கப்போகுது. நாலு மணிக்கு."

உமாபதி கார் சாவியை எடுத்திருந்தார்.

தெருமுனை பலசரக்குக் கடையில் போன் இருந்தது. ஜெபகனி ஹோட்டலை அழைத்து, தன் குரலில் ஆபீஸ் தோரணையை ஏற்றிக்கொண்டு, ஏர்போர்ட் சரக்குப் பிரிவிலிருந்து பேசுவதாகவும், மொஸ்யூ துபாஸ்க்கின் பெட்டிக்கு மானேஜரும் ஸ்டோர்க்காரரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னாள். வைத்துவிட்டு, "ஆண்டவரே, மன்னியும்," என்றாள். கக்கத்தில் பிரபாவதி கொடுத்த காலி பாட்டில் இருந்தது. பதிலுக்கு ஒரு புது தெர்மாஸ் வாங்கித் தருவதாக உமாபதி சத்தியம் செய்திருந்தார்.

துபாய் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகைக்குள் நுழைந்தபோது மூன்று இருபத்தைந்து. கவுண்ட்டரில் ஹபீப் முகம்மது இருந்தார். காயல்பட்டினத்துக்காரர், உமாபதியின் உடைந்த பெட்டிகளோடு வருஷக்கணக்கில் மாரடித்தவர்.

"ஹபீப் பாய், பிரான்ஸுக்குப் போற ஒரு மதுப் பெட்டி. அரக்கு வச்சது. ஏத்தியாச்சா?"

ஹபீப் காகிதங்களைப் புரட்டினார். "மதுப் பெட்டி ஒண்ணுதான் இருக்கு. நான் பேப்பரைத்தான் தொடுவேன், பெட்டியைத் தொட மாட்டேன்." ஒரு தாளில் விரல் வைத்தார். "ஆனா பிரான்ஸ் இல்லியே. பஹ்ரைன். வாங்குறவர் பேரு ஏதோ ஒரு கிளப் தலைவர். இன்னும் பத்து நிமிஷத்துல வண்டியில ஏத்திருவானுவ."

"அதை நிறுத்தி வைங்க," என்றார் உமாபதி.

"கஸ்டம்ஸ் சொன்னா நிறுத்தலாம்." ஹபீப் ஏற்கனவே எழுந்து, உள்ளே இருந்த இளம் அரபு அதிகாரியை அழைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

கொட்டகையின் மறுபக்கக் கதவு வழியாகத் துபாஸ்க் வந்தார். க்ரீம் நிற சூட், கையில் சின்னப் பெட்டி. அதே நேரத்தில் வாசலில் ஹோட்டல் கார் வந்து நின்றது. கார்லைல் இறங்கினார், பின்னால் ஜான் பீட்டர். கார்லைலைக் கண்டதும் துபாஸ்க்கின் நடை ஒரு எட்டு தயங்கிப் பிறகு தொடர்ந்தது. ஜெபகனி அந்த ஒரு எட்டைப் பார்த்துவிட்டாள்.

"என்ன விஷயம்?" என்றார் கார்லைல். "யார் எனக்குப் போன் செய்தது?"

"அதை அப்புறம் பார்க்கலாம்," என்றார் உமாபதி. "மொஸ்யூ, நேற்று இவர் பாட்டிலைத் திறந்ததைக் கவனித்தீர்களா?"

"பக்கத்தில்தான் இருந்தேன்."

"எப்படித் திறந்தார்?"

"எல்லோரும் திறப்பதுபோலத்தான். திருகினார், இழுத்தார்."

ஜான் பீட்டர் வலது கையை மட்டும் கவுண்ட்டர்மேல் வைத்தார். கார்லைல் அந்தப் பாதி விரலைப் பார்த்தார். மூன்று வருஷமாகத் தினமும் எதிரில் நடமாடிய கை. இப்போதுதான் பார்க்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஜெபகனி கவுண்ட்டரில் மணி மார்க் பாட்டிலை வைத்தாள். "இது இவர் வீட்டுக் குளிர்பெட்டியில இருந்தது. கார்க் இவர் பாக்கெட் வழியா உங்க சாஸருக்கு வந்திருக்கு." பிறகு ஹபீபின் தாளைத் திருப்பி வைத்தாள். "பெட்டி தோட்டத்துக்குப் போகலை. பஹ்ரைனுக்குப் போகுது."

துபாஸ்க் சிரித்தார். நல்ல சிரிப்பு. மணி மார்க்கைத் தான் விற்கிறேன், குடிக்கவும் செய்கிறேன், அதில் என்ன குற்றம் என்றார். பஹ்ரைனில் பெட்டி விமானம் மாறும் என்றார். "கார்லைல், இந்த ஆட்கள் அரக்கை உடைத்தால் ஒரு பாட்டில் வீணாகும். அதற்குள் போலியே இருந்தாலும், ஆதாரத்தை அழித்தவர் நீங்கள் என்று உங்கள் முதலாளிகளுக்கு நானே எழுதுவேன்."

கார்லைல் உமாபதியைப் பார்த்தார். "உள்ளே மணி இருந்தால்?"

"என் சர்வேயர் லைசென்ஸை நானே உங்கள் மேஜையில் வைத்துவிட்டு ஊருக்குப் போகிறேன்."

கணக்குச் சரியாக இருக்கிறது என்று ஜெபகனிக்குத் தெரியும். ஆனால் இப்போது அவள் கணக்கின்மேல் இரண்டு குடும்பங்கள் நின்றன.

அரபு அதிகாரி அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஹபீப் அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ விளக்கினார். அதிகாரி பெட்டியைக் காட்டி ஒரே சொல் சொன்னார். "இஃப்தஹ்."

"திறக்கச் சொல்றாரு," என்றார் ஹபீப்.

அரக்கு உடைந்தது. ஜான் பீட்டர் ஒரு பாட்டிலை வெளியே எடுத்தார். தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி, அசைக்காமல். இரண்டு தகடுகளையும் இறக்கினார். மெதுவாக ஆட்டினார். கார்க் சத்தமில்லாமல் மேலே வந்தது. அதைப் பார்க்காமலே கவுண்ட்டரில் வைத்தார்.

கார்லைல் எடுத்துத் திருப்பினார். ஒரு ஓட்டைகூட இல்லாத தலை. பக்கவாட்டில் கோபுரம். அதன் கீழே, அறுபத்தொன்று.

துபாஸ்க் தன் சின்னப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். அதிகாரி அவரிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு நீட்டிய கையை, அது வரும்வரை மடக்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவரை உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். அப்போதும் அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டுதான் போனார்.

கார்லைல் ஜான் பீட்டரிடம் வந்தார். "மன்னிக்க வேண்டும். நாளையிலிருந்து நீ டூட்டிக்கு வரலாம்."

"வர்றேன் சார்," என்றார் ஜான் பீட்டர். நகரவில்லை. ஆங்கிலத்தில் வார்த்தை தேடினார், கிடைக்காமல் ஜெபகனி பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் கோபுரம்னு சொன்னது நெசம்னு ஒரு பேப்பர்ல எழுதி இவுககிட்ட கையெழுத்து வாங்கித் தர முடியுமா?"

"எதுக்கு அண்ணாச்சி, வேலைதான் திரும்பக் கிடைச்சுட்டுதே?"

அவர் கவுண்ட்டர் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேத்து வீட்டுக்குப் போன் போட்டப்ப தங்கபுஷ்பம் என்னையக் கேட்டா. உள்ளதைச் சொல்லுங்க, நீங்க எடுக்கலைல்லான்னு. ரெண்டு தடவை கேட்டா."

ஜெபகனி ஹபீபின் டைப்ரைட்டரைத் தன் பக்கம் இழுத்து, தாளைச் செருகி, ஜான் பீட்டரின் முழுப் பெயரை முதல் வரியில் அடிக்க ஆரம்பித்தாள். கார்லைல் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.